முதல் தரம் கேட்டபோது

ஜவ்வாது மலைக்குக் கீழே இருக்கும் இந்தக் கல்லூரி ஊரின் சரித்திரத்தை யாராவது எழுதுவதானால், என் மெஸ்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் என் புளிக்குழம்பைச் சாப்பிடாமல் இங்கே ஒருவரும் பட்டம் வாங்கியதில்லை. பாடம் நடத்துகிற பேராசிரியர்களும் என் வாசலில் தட்டோடு வரிசையில்தான் நிற்பார்கள்.

இந்தக் கல்லூரிக்குள் நான் முதலில் நுழைந்தது அக்காவின் தாவணியைப் பிடித்துக்கொண்டு. எங்கள் மலையூரில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் பெண் அவள். அப்பா எங்கள் இருவரையும் அழைத்துவந்திருந்தார். அக்காவின் மார்க்கைப் பார்த்த பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல மார்க்குங்க. இன்னைக்கே சேத்துடலாமா?"

எங்கள் ஊரில் பெண் கேட்டு வந்தால் முதல் தரத்திலேயே சரி என்று சொல்ல மாட்டோம். சொன்னால் பெண்ணுக்கு மதிப்பில்லை. கேட்டவர்கள் திரும்பி வந்து கேட்க வேண்டும். காலேஜும் பெண்ணைத்தானே கேட்கிறது? அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வூட்ல கலந்துக்கினு சொல்றோம்ங்க."

"அப்பா, சரின்னு சொல்லேம்பா," என்றாள் அக்கா மெதுவாக.

"சும்மா இரு. இன்னா அவசரம்? வேணும்னா மலையேறி வரட்டும்."

பஸ்ஸில் மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். வருகிறவர்களுக்காக அம்மா வீட்டை மெழுகி, ஒரு சேவலையும் கட்டிவைத்தாள். யாரும் வரவில்லை. புளி விற்கக் கீழே போனபோது அப்பா கல்லூரியில் விசாரித்தார். இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம்.

"ரெண்டாந்தரம் கேக்காத எடத்துக்கு எம்பொண்ணு எதுக்கு?" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். சேவலை அன்றே அடித்தோம். கால் எனக்குத்தான் கிடைத்தது.

காத்திருந்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வளைவில் பஸ் உறுமும் சத்தம் கேட்டதும் அக்கா கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பாதை தெரிகிற பாறைக்கு ஓடுவாள். பின்னாலேயே ஓடி, அவளை முந்திப் பாறையைத் தொட்டுவிடுவேன். ஒரு தரம்கூட நான் தோற்றதில்லை. இறங்கியவர்களை எல்லாம் பார்த்துவிட்டு அவள் என்னை விட்டுவிட்டுத் திரும்பி நடப்பாள். தோற்றுப்போன கோபம் என்று நினைத்து, நான் கைகொட்டிக்கொண்டே பின்னால் போவேன்.