வாத்து ராஜாவும் வாசலில் நின்ற அக்காவும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் சொந்த வீட்டு ஹாலில், தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக் கிடந்தோம்.

திருடன் புகுந்துவிட்டானா? இல்லை. பூகம்பமா? அதுவும் இல்லை.

விருந்தாளி வந்திருந்தார். அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் அந்தக் கிடை. எங்கள் இருவருக்கும் நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயது. படித்துவிட்டு முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். போன மாதம் இதே பத்தியில், 'தோட்டத்தை விட்டு இந்த வரிசை வீட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த பிறகு நமக்கு விருந்தோம்பல் மறந்துவிட்டது' என்று நீட்டி முழக்கியவள் நான்தான். பாராட்டி நாலைந்து பேர் கடிதம்கூடப் போட்டீர்கள். அந்தக் கடிதங்களை இப்போது எடுத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரால் வந்தது. இல்லை... பழியை இயந்திரத்தின் மேல் போடக் கூடாது. எங்களால் வந்தது.

என் வீட்டுக்காரர் ஈப்போ டவுனில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே புதுக் கம்ப்யூட்டர்கள் வந்ததும் பழையதை ஊழியர்களுக்கே மலிவு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். "பிள்ளைங்க படிப்புக்கு ஆகும்," என்று சொல்லித்தான் இவர் ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் படிப்புக்கு அது எவ்வளவு ஆனது என்று கேட்காதீர்கள். கூட வேலை பார்க்கும் சீன நண்பர் நாலு டிஸ்க் கொடுத்தார். அதோடு முடிந்தது படிப்பு.

அதில் ஒரு ஆட்டம். சுட்டுத் தள்ளுகிற ஆட்டம் இல்லை, கதை ஆட்டம். ஓர் அரண்மனைச் சமையல்காரன் தப்பான சாமானைப் போட்டு சூப் வைத்துவிடுகிறான். அதைக் குடித்த ராஜா வாத்தாகிவிடுகிறார். ராணி ஊரிலிருந்து திரும்புவதற்குள் ராஜாவை மறுபடி மனிதனாக்க வேண்டும். சமையல்காரன் காடு மலையெல்லாம் மருந்து தேடிப் போகிறான். அவன் கக்கத்தில் ராஜா. வாத்தாகிவிட்டாரே தவிர அதிகாரம் துளிகூடக் குறையவில்லை. வழியெல்லாம் உத்தரவு போட்டுக்கொண்டே வருகிறார்.

இதில் சாமர்த்தியம் எங்கே என்றால், கையில் 'மவுஸ்' என்று ஒன்று. வால் வைத்த சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். அதை நகர்த்தினால் திரையில் ஓர் அம்பு நகரும். மரத்தின்மேல் வைத்து அமுக்கினால் சமையல்காரன் மரத்தடிக்குப் போவான். கிணற்றின்மேல் அமுக்கினால் எட்டிப் பார்ப்பான். எதை எடுக்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும், என்ன பேச வேண்டும் என்பதை நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் செய்தால் வாத்து திட்டும்.

சிரிக்காதீர்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், எப்படி ஆளை விழுங்குகிறது என்று. எங்கள் கல்யாணத்துக்கு வயது பதினைந்து. கரண்ட் பில், பள்ளிக்கூடக் கட்டணம், பூனை செத்துப்போனது — இவற்றைத் தவிர நாங்கள் இருவரும் சேர்ந்து எதையாவது பேசினோமா என்று எனக்கு ஞாபகமில்லை. இப்போதோ அவர் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "மல்லிகா, அந்தக் கயித்த ஆட்டுக்காரன்கிட்ட குடுத்துப் பார்த்தா என்ன?" என்கிறார்.

ஞாயிறு மத்தியானம் எங்களுக்குப் பொன்னான நேரம். பிள்ளைகள் இருவரும் தேவார வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

அன்றைக்கு நாங்கள் ஒரு பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு வாரமாக அதே பாலம். மூன்று தலை ராட்சசன் ஒருவன் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறான். கத்தி காட்டினோம், பாட்டுப் பாடினோம், காசு கொடுத்தோம். அசையவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் சலித்துப்போய், சமையல்காரன் பையில் கிடந்த இரண்டு தேன்கேக்கை எடுத்து நீட்டினார்.

தலை மூன்று, கேக் இரண்டு. ஆரம்பித்ததே சண்டை! எனக்கு, எனக்கு என்று மூன்று தலையும் முட்டிக்கொண்டன. 'உனக்கு எதுக்கு? நீ நேத்துதானே தின்ன?' என்று ஒரு தலை இன்னொன்றைக் கேட்டது. மூன்றுக்கும் வயிறு ஒன்றுதான் என்பது ஒரு தலைக்கும் ஞாபகம் வரவில்லை. கக்கத்தில் இருந்த வாத்து, 'இவர்களையா நான் காவலுக்கு வைத்தேன்?' என்றது.

நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... எனக்கு மூச்சு வாங்கியது. அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அப்போதுதான் வெளிக்கேட்டின் சங்கிலி குலுங்கியது.

"தம்பி... தம்பீ!"

அவருடைய அக்கா. காம்பாரில் இருக்கிறார். இவரைவிட எட்டு வயது மூத்தவர். அவரை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

என் வீட்டுக்காரர் எழுந்துகொள்ளப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்தது நான்.

"இப்ப திறந்தா அவ்வளவுதான் லா! டீ போடணும், சமைக்கணும், சாயங்காலம் ஆயிடும். பிள்ளைங்க வந்துடுங்க. அஞ்சு நிமிஷம்... பாலத்தத் தாண்டிட்டுத் திறக்கலாம்."

"அக்கா லா..." என்றார்.

"அக்காதானே? கோவிச்சுக்க மாட்டாங்க."

ஜன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நான் தரையில் படுத்தேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் பக்கத்தில் படுத்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விளையாடியது வரைக்கும் டிஸ்க்கில் பதிந்து வைத்துவிட்டு எழுந்து போகிற வசதி அந்த ஆட்டத்தில் உண்டு. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"தம்பி..." மறுபடி குரல் வந்தது. "மல்லிகா..." என்று என்னையும் கூப்பிட்டார். அப்புறம் சத்தமே இல்லை. நாங்கள் மெல்ல எழுந்தோம். பாலத்தைத் தாண்டினோம். சத்தம் வராமல் கைகூடத் தட்டிக்கொண்டோம்.

சாயங்காலம் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில்தான். மலாயில் அக்காவுக்குக் 'காக்கா' என்று பெயர். நம் காதுக்குச் சிரிப்பாக இருக்கும். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"உன் வீட்டுக்காரரோட காக்கா வந்திருந்தாங்க. வெயில்ல ரொம்ப நேரம் நின்னாங்க. கார் இருக்கு, ஆள் உள்ளதான் இருக்காங்க, இன்னும் கொஞ்சம் கூப்பிடுங்கன்னு சொன்னேன். தூங்குறாங்க போல, எழுப்ப வேணாம்னு சொல்லிட்டாங்க." பிறகு, "பெரிய பை வெச்சிருந்தாங்க. ஊருக்குப் போறாங்களா?" என்றார்.

பையா?

அக்கா எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. காலையில் வந்தால் மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவார். கையில் ஒரு பர்சும் பிள்ளைகளுக்கு ஏதாவது தின்பண்டமும் இருக்கும், அவ்வளவுதான்.

உள்ளே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் இவர் அம்மா படுத்த படுக்கையானபோது, பால்மரம் வெட்டப் போனவர் அக்கா. பள்ளிக்கூடம் போனவர் இவர். அதைப் பற்றி இவர் அதிகம் பேச மாட்டார். கார்ச் சாவியை எடுத்தார். பிள்ளைகளை ஆண்ட்டி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

காம்பார் வரை அவர்தான் ஓட்டினார். 'நீதானே என்னைப் பிடித்து இழுத்தாய்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன்.

அக்காவின் கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஈயச் சுரங்கத்தில் நல்ல வேலையில் இருந்தவர். ஈய விலை விழுந்து சுரங்கத்தை மூடியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். ஒரு காலத்தில் அவருக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்தார்களாம். இப்போது அக்கா ஒருவர்தான்.

"வாங்க, வாங்க. உங்க அக்கா உங்களப் பார்க்கத்தான் வந்தா. நீங்க வீட்டுல இல்லையாமே?"

என் வீட்டுக்காரர் திணறினார். "ஆமா மாமா... கோயிலுக்கு..."

"புந்தோங் கோயிலுக்குத்தானே தம்பி? நானும் அப்படித்தான் நெனைச்சேன்." உள்ளேயிருந்து வந்தது அக்காவின் குரல். எங்கள் பொய்யில் விட்டுப்போன இடத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார்.

நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். அக்கா டீ கலக்கிக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் பை, இன்னும் பிரிக்காமல்.

"அக்கா..."

"அப்படி என்ன சிரிப்பு மல்லிகா? கேட்டு வரைக்கும் கேட்டுச்சு."

சொன்னேன். கம்ப்யூட்டர், வாத்து ராஜா, மூன்று தலை, தேன்கேக். சமையலறையில் நின்று சொல்லும்போது ஒன்றிலும் சிரிப்பில்லை. அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சிரிச்சது எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நான் கூப்பிட்டதும் டக்குன்னு நின்னுபோச்சு பாரு..." சீனியைப் போட்டுக் கலக்கினார். "அதுதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

என்ன நடந்தது என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "சோத்துல உப்பு இல்லன்னு தட்டத் தள்ளிவிட்டாரு. அடிக்கல. இதுவரைக்கும் அடிச்சதில்ல. நான் உட்கார்ந்து சோத்தக் கூட்டி அள்ளுறேன், அவரு டிவி பார்க்குறாரு. கால மட்டும் தூக்கிக்கிட்டாரு, நான் அந்த இடத்தக் கூட்டுறதுக்கு. போதும்னு தோணுச்சு."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் என் வீட்டுக்காரர் குரல் உயர்ந்தது. அவரால் அந்தப் பொய்யோடு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"மாமா, நாங்க கோயிலுக்கெல்லாம் போகல. வீட்டுலதான் இருந்தோம். அக்கா பையோட வந்து வெயில்ல நின்னுச்சு. நான் கதவத் திறக்கல. இப்பக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"பையோடயா?"

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணனுக்குத் தெரியாது! அக்கா 'தம்பிய பார்த்துட்டு வாரேன்' என்று மட்டும்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மத்தியானம் கதவைத் திறக்காமல் ஒரு தடவை கைவிட்டோம். இப்போது உண்மையைப் பேசி இன்னொரு தடவை காட்டிக் கொடுத்துவிட்டோம்.

அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றார். பையைப் பார்த்தார்.

"தம்பிய பார்க்கப் போறேன்னுதானே சொன்ன?"

"சொன்னேன். நீங்க திரும்பிப் பார்த்திருந்தா பையயும் பார்த்திருப்பீங்க."

அக்கா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அண்ணன் கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. அந்த மனுஷன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. அன்று மத்தியானம் முழுக்க எனக்கு வந்திருக்க வேண்டிய வெட்கம் எப்படியிருக்கும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்.

"தெரியல."

குனிந்து பையை எடுத்தார். கொண்டுபோய்க் காரில் வைத்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தம்பி, இந்தத் தடவ கதவத் திற," என்றார். அவ்வளவுதான். குத்திச் சொன்னாரா, கெஞ்சிச் சொன்னாரா... இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை.

அக்கா இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். முதல் இரண்டு நாள் கம்ப்யூட்டர் பக்கம் நாங்கள் யாரும் போகவில்லை, துணியைப் போட்டு மூடியே வைத்திருந்தோம். புதன்கிழமை அக்காவேதான், "எங்க லா அந்த வாத்து?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் போட்டுக் காட்டினார். இங்கிலீஷில் வருவதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ராஜா, சமையல்காரன் கக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 'வேகமாக நட' என்று உத்தரவு போட்டார். அக்கா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"வாத்தா போயிட்டோமேன்னு உள்ளுக்குள்ள பயம் லா அதுக்கு. அதான் இந்தக் கத்து கத்துது," என்றார்.

எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

நேற்று அண்ணன் பஸ் ஏறி வந்தார். சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவி வைத்தார். அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். மாலை பஸ்ஸுக்கு அவர் மட்டும் போனார். அக்கா எப்போது போவார், போவாரா என்பதெல்லாம் அவர் இஷ்டம். நாங்கள் கேட்கவில்லை. கேட்கிற தகுதியும் எங்களுக்கு இல்லை.

இதைப் பத்தியில் எழுதலாமா என்று அக்காவிடம் அனுமதி கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார்.

"எழுது. என் பேர மட்டும் போட்டுடாத. உன் பேரப் பெரிசாப் போடு."