பெல் ஒயரில் ஒரு முடிச்சு

வீட்டு பிராட்பேண்டை இன்று தோட்டத்துக்கு அப்பால் இருக்கும் தறிக் கொட்டகை வரை இழுத்தோம். சேலை டிசைன் எல்லாம் இப்போது மெயிலில்தான் வருகிறது.

கேபிள் போட வந்த பாய், கூரையோரம் பழைய பெல் ஒயரைப் பார்த்தார். படுக்கையில் விழுந்த பிறகும் கொட்டகையை விட்டு வரமாட்டேன் என்ற அப்பா, ராத்திரியில் எங்களைக் கூப்பிடுவதற்காக நாங்கள் போட்டது.

பாய் ஏணியில் நின்றபடியே சிரித்தார். "யாருபா இது, அறுந்த ஒயரை நூலு மாதிரி முடிஞ்சி வெச்சிருக்கிறது? தோலைச் சீவாம முடிஞ்சா கரண்ட் எப்டிபா போவும்?"

நானும் சிரித்துவைத்தேன். முடிச்சு என்னுடையது. தறியில் இழை அறுந்தால் கை தானாகப் போடுமே, அதேதான்.

அந்த முடிச்சுக்குப் பிறகு பெல் அடிக்கவே இல்லை. ஒரு மாதத்தில் அப்பா போய்விட்டார். "கடைசி மாசம் ஒரு தொல்லையும் குடுக்கலபா" என்று காரியத்துக்கு வந்த எல்லாரிடமும் சொன்னேன்.

"உள்ளார பெல் சுவிட்சு அமுங்கினபடியே சிக்கிக்கினு இருக்குது. கழட்டிடட்டா?" என்றார் பாய்.

வேண்டாம் என்றேன்.

கொட்டகையில் நெட் அருமையாக வருகிறது. உங்கள் வீட்டு பெல் அடிக்கிறதா? ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன்.