சிவப்புத் தட்டுக்குப் போன வார்த்தை

என் அக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பேருந்துக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. பயணிகள் தமிழில் தரும் புகார்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆங்கிலத்தை முழுதாக வாசிக்கப் பொறுமை கிடையாது. அதனால் ஓர் ஏற்பாடு. புகாரில் ‘இண்டிக்னேஷன்’ என்ற வார்த்தை இருந்தால் சிவப்புத் தட்டு. உடனே நடவடிக்கை, முதலாளிக்கு ஒரு நகல். இல்லையென்றால் பச்சைத் தட்டு, அதாவது கிணற்றில் போட்ட கல்.

அந்த வார்த்தையை அக்கா பீரோவில் பூட்டிய நகை மாதிரி வைத்திருந்தாள். வருடத்துக்கு நாலு பேருக்குக் கொடுத்தால் அதிகம். கேட்டால் பாடம் நடத்துவாள்.

“பஸ் லேட்டா வந்தா எரிச்சல். உன் காலை மிதிச்சா கோபம். கண்ணு தெரியாதவரைப் பாதி வழியில இறக்கி விட்டுட்டுப் போறான், பாத்துட்டு நிக்கிற உனக்கு ரத்தம் கொதிக்குதே, அதுக்குத்தான்டா இந்த வார்த்தை. அநியாயம்னு ஒண்ணு நடந்திருக்கணும்.”

போன மாதம் நான் பேருந்தில் ஈர சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். புது வேலையில் முதல் நாள், புதுப் பேண்ட். பின்பக்கம் முறம் அகலத்துக்கு ஈரம். ஆபீசே சிரித்தது. மதியமே அக்கா புகார் வாங்கும் ஜன்னலுக்குப் போய் நின்றேன்.

“அந்த வார்த்தையைப் போடு.”

“ஈர சீட்டுக்கா? எரிச்சல்னு போடறேன்.”

“எவன் எவனுக்கோ போடுவ, கூடப் பிறந்தவனுக்குப் போட மாட்டியா? என் மானம் போச்சுக்கா!”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். “தொலைஞ்சு போ!” என்று சொல்லிக்கொண்டே அக்கா அதைத் தட்டினாள்.

மூன்றாம் நாள், அந்தப் பேருந்தைச் சுத்தம் செய்கிற அம்மாவை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். விசாரணையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த அம்மா முறையிட வந்து நின்றது, வேறு எங்கே, அக்காவின் ஜன்னலில்தான்.

“சீட்டைக் கழுவினேம்மா. காயறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டாங்க. ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு இனி எங்க போவேன்?”

சாயங்காலம் அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

“உன் பேண்ட் காஞ்சிடுச்சா?”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. புகாரைத் திரும்பப் பெறுவதாக அன்றே எழுதிக் கொடுத்தேன். சிவப்புத் தட்டில் போனது திரும்பாது என்று மேனேஜர் அதைத் தூக்கி எறிந்துவிட்டாராம். அட, இதென்ன அரச கட்டளையா?

மறுநாள் அக்கா செய்ததையும் அதற்கு அவளுக்குக் கிடைத்ததையும் நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. புகார்ப் பிரிவில் இருப்பவர்கள் சொந்தமாகப் புகார் எழுதக் கூடாது என்பது விதி. தெரிந்தே எழுதினாள். விசாரிக்காமல் ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டது அநியாயம், அதில் தன் கையும் இருக்கிறது என்று எழுதி, அந்த வார்த்தையைப் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுச் சிவப்புத் தட்டில் வைத்தாள். முதலாளிக்கு நகல் போனது. அந்த அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அக்காவை மட்டும் மேனேஜர் பார்சல் கிடங்குக்கு மாற்றிவிட்டார்.

கேள்விப்பட்டதும் ஓடினேன். ஜன்னல் இல்லாத கிடங்கில் அக்கா பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலெல்லாம் பசை.

“இருபத்திரண்டு வருஷம் உழைச்சவளைக் கொண்டு வந்து தள்ளற இடமா இது? நியாயத்தைச் சொன்னா இதுதான் கூலியா? இவங்களைக் கேக்க ஆளே இல்லையா?” என்று கத்தினேன்.

கத்தாதே என்று திட்டுவாள் என நினைத்தேன். திட்டவில்லை. விரலில் இருந்த பசையைத் துடைத்துவிட்டு, ஒரு பார்சல் படிவத்தைப் பின்பக்கம் திருப்பி வைத்துப் பேனாவை எடுத்தாள்.

“உக்காருடா, பெட்டி காஞ்சுதான் இருக்கு. இப்ப சொல்லு, அந்த வார்த்தையைப் போட்டே எழுதறேன்.”