கரண்டு வரும் வரைக்கும்

கூட்டேரிப்பட்டில் பஸ் வராததால் அந்த ஷேர் ஆட்டோவில் ஏறியது என் தப்பு. பத்து மணிக்கு விழுப்புரம் கல்லூரியில் நான் பொருளாதாரத் தேர்வு நடத்தியாக வேண்டும். ஓட்டுநருக்குக் காக்கிச் சட்டை, கணுக்கால் வரை காய்ந்த சேறு. எதிரே யார் வந்தாலும் வண்டியை மெதுவாக்கி, "த்ரீ பேஸ் வந்துச்சா?" என்று கேட்பார். பம்ப்செட் ஓட அந்த மின்சாரம் வேண்டும். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பாதி வழியில் ஒருவர், கரண்டு வந்துவிட்டதென்று தலையாட்டினார். ஆட்டோ நெடுஞ்சாலையை விட்டிறங்கி ஒரு வேர்க்கடலைக் கொல்லையோரம் நின்றது. இந்தப் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பேர்.

"எங்க போறீங்க?"

"மல்லாட்டை பூ வுட்டுக்கினு இருக்குது சார். தண்ணி காட்டலன்னா காஞ்சிடும். ஜல்தியா வந்துட்றேன்."

மற்ற பயணிகள் இறங்கி நிழலில் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே போய் மடை திருப்பினார்.

விவசாயம் முதல்நிலைத் தொழில், போக்குவரத்து மூன்றாம்நிலைத் தொழில் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன் நான். அரை மணி கழித்து ஈரக் காலோடு வந்தவரிடம் கத்தினேன். "நீங்க டிரைவரா, விவசாயியா?"

"டிரைவர்தான் சார்," என்றார், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "கரண்டு வர்ற வரைக்கும்."

தாமதத்துக்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார் முதல்வர். 'மல்லாட்டைக்குத் தண்ணீர்' என்று எழுதினேன். அடித்தேன். வேறு காரணம் கிடைக்காமல் மறுபடி அதையே எழுதினேன்.