ஆட்சேபணைக்கு முன் ஒரு வாய்

என் அக்கா வீட்டுக்காரரை யாராவது நல்லவர் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவர்தான். அதுதான் வினையே.

முப்பத்தோரு வருஷமாக ஒரே சாப்பாட்டுக் கடையில் சப்ளையர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் கடை. ஒன்பது மேசை, கை கழுவ ஒரே ஒரு தொட்டி. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் போதும், அத்தானின் கை தானாகத் தண்ணீர்த் தம்ளரை எடுத்துவிடும். ஒருமுறை மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் செருப்பு வாரைச் சரிசெய்ய உட்கார்ந்தார். அவர் நிமிர்வதற்குள் எதிரே தட்டு.

அந்த வரிசை முழுவதையும் இடித்து எட்டு மாடி கட்டப் போவதாக மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. ஆட்சேபணை உள்ளவர்கள் புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும். யாரும் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிவிடுவார்கள். முதலாளி கால் முறிந்து படுக்கையில் கிடந்தார். கடை போய்விட்டால் ஐம்பத்தெட்டு வயதில் அத்தானுக்கு எவன் வேலை கொடுப்பான்?

நான் ஜெராக்ஸ் கடைக்காரன். நோட்டீஸை நூறு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அத்தான் பத்து நாள் மேசை மேசையாகப் பேசினார். நாற்பது பேர் வருவதாகச் சத்தியம் செய்தார்கள். எங்கே கூடுவது என்று கேட்டேன்.

"வேற எங்க? நம்ம கடையிலதான். பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு தெரு தாண்டினா ஆபீசு" என்றார்.

எனக்கும் அப்போது புத்தி வேலை செய்யவில்லை.

பொய் சொல்லக் கூடாது, நாற்பது பேரும் வந்தார்கள். வந்தவர்கள் நிற்பார்களா? உட்கார்ந்தார்கள். அத்தான் தண்ணீர் வைத்தார். தண்ணீர் வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? "இனிமே இந்தச் சாப்பாடு கிடைக்குமோ என்னவோ" என்று ஆளாளுக்கு இரண்டாம் தடவை வேறு கேட்டார்கள்.

"அத்தான், மணி பதினொன்னே முக்கால்! எழுப்புங்க எல்லாரையும்!"

"பாதிச் சாப்பாட்டுல எப்படி மாப்பிள்ளை எழுப்புறது? உட்கார்ந்துட்டாங்கல்ல."

நான் கத்தினேன். தையல்காரம்மா நிமிர்ந்து, "வெறும் வயித்தோட எப்படி தம்பி சத்தம் போடுறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானாவது தனியாக ஓடியிருக்கலாம். ஆனால் அத்தான் எனக்கும் ஒரு தட்டு வைத்திருந்தார். சாப்பிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை.

அப்புறம் அந்த ஒற்றைத் தொட்டிக்கு வரிசை. கடைசி ஆள் கை துடைக்கும்போது மணி பன்னிரண்டு ஐம்பது. அப்போது கையில் ஃபைலோடு ஒருவர் உள்ளே வந்து, காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க, இவ்வளவு கூட்டம்? ஏதும் விசேஷமா?"

"மாநகராட்சி விசாரணைக்குக் கிளம்பிட்டிருக்கோம்" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர், பெருமையாக.

"அதை முடிச்சிட்டுத்தானே வர்றேன்! பன்னிரண்டரை வரைக்கும் ஒத்தை ஆளா உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் வரலை. ஆட்சேபணை இல்லைன்னு எழுதி மேல அனுப்பிட்டேன்."



"மாத்த முடியாதா சார்?" என்று கேட்டேன்.

"இனி என் கையில இல்லீங்க."

அத்தான் கையில் தம்ளர் இருந்தது. அதை அந்த ஆளின் தலையில் கவிழ்க்க மாட்டாரா என்று எனக்குக் கை பரபரத்தது. அவரோ அதை மேசைமேல் வைத்தார், கொஞ்சம் சிந்தியது. துண்டால் துடைத்தார்.

"என்ன சாப்பிடுறீங்க சார்?" என்று கேட்டார்.

சமையலறைக்குள் அவரை இழுத்துக்கொண்டு போனேன். "உங்களுக்கு அறிவிருக்கா அத்தான்? அந்த ஆளுக்குமா?"

சோற்றுக் கரண்டியைக் கையில் எடுத்தார். கண் சிவந்து கிடந்தது.

"என்ன பண்றது மாப்பிள்ளை, உட்கார்ந்துட்டாரே."