கிரிட்டுக்கு எத்தனை ஓம்?

வால்வு ஆம்ப்ளிபையர் ரிப்பேரில் தப்பு பண்ணினால் யாரும் வந்து சொல்ல வேண்டாம், வால்வே செவந்து காட்டிவிடும். சுங்குவார்சத்திரத்தில் கடை போட்டு நான் பட்டதை, சால்டரிங் அயர்னில் கை சுட்டுக்கொண்ட உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஒரு மெக்

மேரி, செல்போன் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் இருக்கிற பொண்ணு. சர்ச்சில் கித்தார் வாசிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா, முதல் தடவையாகத் தனியாக வாசிக்கப் போகிறது. கித்தார் ஆம்ப்ளிபையரை ரிப்பேருக்குக் கொண்டுவந்து வைத்தது.

பெரிய பவர் வால்வுகளில் கரண்டை அடக்கி வைக்கிற கம்பிவலைதான் கிரிட். அதிலிருந்து எர்த்துக்குப் போகிற ரெசிஸ்டன்ஸ் ரெண்டும் கருகி, கலர் கோடே தெரியவில்லை. முதல் சின்ன வால்வில் ஒரு மெக், அதாவது பத்து லட்சம் ஓம், இருந்தது. இங்கேயும் அதுதான் என்று நானே முடிவு கட்டிப் போட்டேன். சின்ன வால்வு தாங்கும், பெரிய வால்வு தாங்காது. கிரிட்டில் கசிகிற துளி மின்சாரம் இறங்க வழியில்லாமல் தேங்கி, வால்வு மேலும் மேலும் கரண்டை இழுக்கும். பத்து நிமிஷத்தில் உள்தகடு செவந்து ஜோடியே போச்சு. என்னிடம் மிச்சம் ஒரே ஒரு ஜோடி. அதுவும் போனால் ஞாயிறு கித்தார் கிடையாது.

"அங்கிள், எங்க லைன்ல இப்டி செவந்தா பட்டனைத் தட்டி லைனையே நிறுத்திடுவோம். நீங்க இன்னா வேடிக்கை பாத்துகினு கீறீங்க?"

நேர்கோடு

ஒரு மெக்கைக் கழற்றி இருநூத்தி இருபது கிலோ ஓம் போட்டதும் மிச்ச ஜோடி அடங்கியது. மேரியோடு வேலை செய்கிற தினேஷ், திருநெல்வேலிப் பையன், கூட வந்திருந்தான்; வொயரிங்கைப் பார்த்து முகம் சுளித்தான். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் கம்பெனி போர்டு மாதிரி வரிசையாக அடுக்கிவிட்டான். கிரிட் பின்னை ஒட்டியே இருக்க வேண்டிய குட்டி ரெசிஸ்டன்ஸும் வரிசைக்குப் போய்விட்டது. பின்னுக்கும் அதுக்கும் நடுவே ஒரு சாண் வொயர். அது ஏரியல் மாதிரி கண்டதையும் இழுக்க, சுவிட்சைப் போட்டதும் ஊளை. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். நல்லவேளை, வால்வு பிழைத்தது.

"என்ன அண்ணாச்சி, பாக்க எவ்வளவு நீட்டா இருக்கு, பொறவு ஏன் இந்தக் கத்து கத்துது?"

நானூத்தி எழுபது

குட்டி ரெசிஸ்டன்ஸைத் திரும்பப் பின்னோடு ஒட்டிவிட்டு சர்ச்சில் ஒத்திகைக்குப் போனோம். அங்கே ஆளுக்கொரு செல்போன். அதன் இரைச்சல் எல்லாம் ஸ்பீக்கரில் கேட்டது. பயத்தில் முதல் வால்வின் கிரிட் வாசலில் அறுபத்தெட்டு கிலோவை எடுத்துவிட்டு நானூத்தி எழுபது போட்டேன். இரைச்சல் போச்சு, கூடவே கித்தாரின் கணீரும் போச்சு.

"அங்கிள், போர்வைய இழுத்துப் போத்திகினு பாடுற மாதிரி கீது."

ஞாயிறு

பழையபடி அறுபத்தெட்டு போட்டு, செல்போனை எல்லாம் அணைக்கச் சொன்னோம். மேரி வாசித்தது. கணீரென்று கடைசி வரிசை வரை போனது. நான் ஆராதனை முடிகிற வரைக்கும் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, தகடு செவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். செவக்கவில்லை. வாசலில் பாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எல்லாரும் கண்ணை மூடி ஜெபிச்சப்போ, நீங்க மட்டும் பெட்டியையே மொறைச்சுகினு இருந்தீங்களே, இன்னா விஷயம்?"

ஓம் கணக்கை ஒருதரம் ஊகத்தில் போட்டவன் ஆண்டவர் சன்னிதியில்கூட ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.