மாத்திரைக்கு முந்தைய மாதங்கள்

எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வருகிறார். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருக்கிறது. கணினி எண்ணி முடிக்கும்வரை டவுட்டக்காவுக்கு இருப்புக் கொள்ளாது. தண்ணீர் குடிப்பார், நாற்காலியை இழுத்துப் போடுவார், என் மேசைப் பேனாக்களை உயரவாரியாக அடுக்குவார். “உக்காருங்கக்கா, எனக்குத் தலை சுத்துது” என்றால், “நீங்க எழுதுங்க, நான் நடக்குறேன்” என்பார்.

அவர் எண்ணித் தருவதை அறிக்கையாக எழுதுகிறவன் நான். அவர் வேலை ஒரு மாதிரியானது. புற்றுநோய்ப் பதிவேடு, மருந்துக்கடைச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சேர்க்கை, இறப்புப் பதிவு என்று நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும் ஒரே ஆளைக் கண்டுபிடித்துக் கோக்க வேண்டும். பெயர் இருக்காது. பிறந்த தேதி, வீட்டு எண், இப்படிச் சில்லறைத் துப்புகள்தான். கோத்தால்தான் எந்த மருந்து யாரை என்ன செய்தது என்று தெரியும். ஒருமுறை கட்டடமே அதிரக் கத்தினார்: “செத்தவரு எப்படிங்க அடுத்த மாசம் மாத்திரை வாங்குவாரு?” இரண்டு நாள் தோண்டினார். ஒரே வீட்டில் இருந்த இரட்டையரைக் கணினி ஒருவராக்கியிருந்தது. ‘டவுட்டக்கா’ என்ற பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

மூன்று மாதமாக இந்த நடை இன்னும் கூடிப்போயிற்று. நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்த அதே புற்றுநோய் மாத்திரையை அவருடைய நாத்தனாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அது இதயத்தைக் கெடுக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. கெடுக்கவில்லை என்றன எண்கள். “அப்பாடா” என்று அன்று உட்கார்ந்தே விட்டார். நானும் ‘பாதுகாப்பானது’ என்று எழுதி முடித்தேன்.

அனுப்ப வேண்டிய நாள் காலையில், தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் வந்து நின்றார்.

“நோயக் கண்டுபிடிச்ச நாள்லேர்ந்து எண்ணியிருக்கேங்க. மாத்திரை கைக்கு வர ஆறு மாசம் ஆகுதே! அந்த ஆறு மாசத்துல நெஞ்சு கெட்டிருந்தா டாக்டர் அந்த மாத்திரையையே எழுதியிருக்க மாட்டாரு. சாப்பிடாத மாசத்தையெல்லாம் சாப்பிட்ட மாசமா எண்ணி, மாத்திரைக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்திருக்கேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.”

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நாற்பது பக்கம் எழுதியவன் நானல்லவா! அவர் காதில் வாங்காமல், மாத்திரை வாங்கிய நாளிலிருந்து மறுபடி எண்ணவிட்டார். ஒன்றரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கினார். விடை வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில், இதயம் பலவீனமாகி, மூச்சு வாங்கி, காலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு.

எங்கள் பிரிவின் தலைவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “அறிக்கை நாலு மணிக்குப் போகணும்மா. அடுத்த அறிக்கையில திருத்திக்கலாம்.”

“அதுக்குள்ள எத்தனை பேரு சாப்பிட்டிருப்பாங்க சார்?”

“தப்பு உங்களோடது. உங்க பேருதான் கெடும்.”

“கெடட்டும். என்னோட தப்புன்னே எழுதுங்க.” இதை என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

எழுதினேன். தலைவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை வெளியாகும்வரை முடிவைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பது விதி. அக்கா கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் காதில் விழுந்தது.

“ஒண்ணுமில்ல அண்ணி, சும்மாதான் பண்ணேன். படியேறினா மூச்சு வாங்குதா? சரி, சரி. எதுக்கும் கெளம்பி இருங்க, நான் வந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கேதான். அதெல்லாம் ஒண்ணுமில்லங்கிறேன்ல! இப்ப, கணுக்காலுக்கு மேல கட்டைவிரலை வெச்சு அழுத்துங்க. நல்லா. எடுங்க. குழி விழுதா?”

அந்தப் பக்கம் நாத்தனார் பார்த்துச் சொல்லும்வரை, சுவரில் சாய்ந்து ஒரு காலைத் தூக்கி, தன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றார்.